‘குடும்ப வருமானம்’னா எந்தக் குடும்பம்? கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கிறவங்களுக்கு ஒரு பணக் கணக்கு

போன சில வாரமா வந்த வாய்ஸ் நோட்கள்ல ஒரே கேள்வி வேற வேற குரல்ல திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்துச்சு. “அண்ணா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பிஎச்டி பண்றேன். ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல குடும்ப வருமானம்னு கேக்காங்க. அப்பா வருமானம் போடணுமா, வீட்டுக்காரர் வருமானம் போடணுமா?” கேட்டவங்கள்ல அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல படிக்கிறவங்க இருக்காங்க. பாளையங்கோட்டை காலேஜ்கள்ல ஆராய்ச்சி பண்றவங்களும் இருக்காங்க. பெரும்பாலும் பெண்கள். கல்யாணம் ஆன பசங்க ரெண்டு மூணு பேரும் கேட்டிருந்தாங்க.

கேள்வி சின்னதா தெரியுது. ஆனா தப்பான வருமானச் சான்றிதழை வச்சா விண்ணப்பம் அங்கேயே நின்னுடும். பல பேர் அதுக்கும் முன்னாடியே நின்னுடுறாங்க. “கல்யாணம் ஆயிட்டுல்லா, நமக்கு இனிமே எதுவும் வராது”ன்னு அவங்களே முடிவு பண்ணிடுறாங்க. அது உண்மை இல்லை. கல்யாணம் ஆனதாலயே மூடிப் போற கதவு ரொம்பக் கம்மி. ஆனா ஒவ்வொரு திட்டமும் ‘குடும்பம்’ங்கிற வார்த்தைக்கு ஒவ்வொரு அர்த்தம் வச்சிருக்கு. இந்த எபிசோட்ல அந்த அர்த்தங்களைத்தான் பிரிச்சுப் பாக்கப் போறோம்.

முதல்ல, ஒரு பழைய திட்டம்

1989-ல தமிழ்நாட்டுல மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேர்ல திருமண நிதியுதவித் திட்டம் வந்துச்சு. கடைசி வருஷங்கள்ல, பட்டம் அல்லது டிப்ளமோ முடிச்ச ஏழைப் பெண்ணோட கல்யாணத்துக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் கொடுத்தாங்க. பத்தாவது முடிச்சிருந்தா 25,000 ரூபாயும் தங்கமும். 2022-ல அரசு இந்தத் திட்டத்தை உயர்கல்வி உறுதித் திட்டமா மாத்துச்சு. அதைத்தான் நாம ‘புதுமைப் பெண்’னு சொல்றோம். 6-ல இருந்து 12 வரை அரசுப் பள்ளில படிச்ச மாணவிக்கு, முதல் பட்டமோ டிப்ளமோவோ ஐடிஐயோ முடிக்கிற வரை மாசம் 1,000 ரூபாய். பிறகு அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் வழில படிச்சவங்களையும் சேர்த்தாங்க.

நல்ல மாற்றம்தான். கல்யாணத்துக்குன்னு இருந்த பணம் படிப்புக்கு வந்துச்சு. ஆனா அது இளநிலைப் பட்டத்தோட நின்னுடுது. எம்ஏ, எம்எஸ்சி, பிஎச்டிக்கு வர்ற வயசுல, அதாவது கல்யாணமும் படிப்பும் ஒண்ணா வர்ற வயசுல, இந்த 1,000 ரூபாய் கிடையாது. அந்த இடத்துக்கு வேற திட்டங்கள் இருக்கு. அதுங்களை நான் நாலு வகையா பிரிக்கிறேன்.

வகை ஒண்ணு: யார் வருமானத்தையும் கேக்காதது

இதுல பெருசு ஜேஆர்எஃப். கலை, மொழி, சமூக அறிவியல் பாடங்களுக்கு யுஜிசி நெட், அறிவியலுக்கு சிஎஸ்ஐஆர் நெட். 2023 ஜனவரி 1-ல இருந்து முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அதுக்கப்புறம் எஸ்ஆர்எஃப் ஆனா 42,000 ரூபாய். மொத்தம் அஞ்சு வருஷம் வரை. முதல் வருஷக் கணக்கு மட்டும் போட்டா 4,44,000 ரூபாய். பொதுப் பிரிவுல போட்டி போடுறவங்ககிட்ட வருமானச் சான்றிதழே கேக்க மாட்டாங்க. அப்பா, கணவர், மனைவி யார் எவ்வளவு சம்பாதிச்சாலும் சம்பந்தம் இல்லை.

கல்யாணம் ஆனவங்க இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு இருக்கு.

ஒண்ணு வயசு. ஜேஆர்எஃப்-க்கு வயசு வரம்பு 30. பெண்களுக்கு 5 வருஷத் தளர்வு உண்டு. ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. 24-ல கல்யாணம், 26-ல குழந்தை, 29-ல “இனி என்ன படிப்பு”ன்னு நினைக்கிற அக்காவுக்கு இன்னும் வருஷம் இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது வீட்டு வாடகைப்படி. பல்கலைக்கழக விடுதிகள் பெரும்பாலும் தனியாளுக்குத்தான் இடம் கொடுக்கும். கணவன் மனைவியா தங்குற வீட்டுக்கு வாடகை நீங்கதான் கட்டணும். விடுதில தங்காத ஜேஆர்எஃப்காரங்களுக்கு ஊரோட வகையைப் பொறுத்து உதவித்தொகைல ஒரு சதவீதம் வாடகைப்படியா கிடைக்கும். பத்து சதவீதம்னு வச்சாலே 3,700 ரூபாய். இதுக்குத் தனியா விண்ணப்பம் கொடுக்கணும். கொடுக்காம விட்டுடாதீங்க.

அறிவியல் படிச்சு நடுவுல இடைவெளி விட்ட பெண்களுக்கு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட வைஸ் பிஎச்டி திட்டம் இருக்கு. 27-ல இருந்து 45 வயசு வரை விண்ணப்பிக்கலாம். அந்த வயசைப் பாத்தாலே யாரை மனசுல வச்சு எழுதினாங்கன்னு தெரியும். மாநில அளவுல முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் இருக்கு. அதுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துது.

இன்னொரு விஷயம். நெட் இல்லாத ஆராய்ச்சி மாணவர்களுக்கு மாசம் 8,000 ரூபாய்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். நம்ம மனோன்மணியம் சுந்தரனார் மாநிலப் பல்கலைக்கழகம். அதனால அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீங்க.

வகை ரெண்டு: அப்பா அம்மாவை மட்டும் பாக்குறது

ஓபிசி ‘கிரீமி லேயர் இல்லை’ சான்றிதழ் இந்த வகை. இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. மத்திய அரசோட பணியாளர் துறை 2004 அக்டோபர்ல இதைத் தெளிவா சொல்லிடுச்சு: கிரீமி லேயரா இல்லையான்னு பாக்குறது பெற்றோரோட நிலையை வச்சுத்தான். விண்ணப்பிக்கிறவரோட சொந்த வருமானத்தை வச்சு இல்லை, கணவர் அல்லது மனைவியோட வருமானத்தை வச்சும் இல்லை. கணவர் ஐடி கம்பெனில லட்சக்கணக்குல வாங்கினாலும், அது உங்க சான்றிதழைத் தொடாது.

தாமிரபரணிப் பாசனத்துல விவசாயம் பாக்குற குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். 8 லட்ச ரூபாய் வருமான வரம்பைக் கணக்குப் போடும்போது சம்பள வருமானத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்க மாட்டாங்க. அப்பா அம்பாசமுத்திரத்துல கார், பிசானம்னு ரெண்டு பூவும் நெல்லு எடுக்காருன்னா, அந்த வரவு இந்தக் கணக்குல வராது. நில உச்சவரம்புக்கு நெருக்கமா நஞ்சை இருந்தா மட்டும் தனி விதி. பெற்றோர் உயர்பதவில அரசு வேலை பாத்தா அதுக்கும் தனி விதி உண்டு.

வகை மூணு: கணவரைப் பாக்குறது

எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்குக் குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 2.5 லட்சம். இதோட விதிமுறைகள்ல பல வருஷமா இருந்து வர்ற ஒரு குறிப்பு சொல்றது: பெற்றோர் வருமானத்தை மட்டும் பாக்கணும், வேலைக்குப் போகாத கல்யாணம் ஆன மாணவியா இருந்தா கணவரோட வருமானத்தைப் பாக்கணும். கூட இருக்கிற மாமனார், கொழுந்தனார் சம்பாத்தியத்தைச் சேர்க்கக் கூடாது.

இந்தக் குறிப்பை நான் ரெண்டு தடவை படிச்சேன். கல்யாணம் ஆன பையன் அப்பாவுக்கு மகனாவே இருக்கான். கல்யாணம் ஆன பொண்ணு மட்டும் இடம் மாறிடுறா. நியாயமான்னு நீங்க சொல்லுங்க. ஆனா விண்ணப்பம் போடும்போது விதி என்னவோ அதுபடிதான் போகணும். அப்பா கூலி வேலை பாத்து, கணவர் மாசம் 22,000 வாங்கினா, வருஷத்துக்கு 2,64,000. வரம்பைத் தாண்டிடுச்சு.

அந்த இடத்துல நின்னுட வேண்டாம். தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, முழுநேரமா பிஎச்டி படிக்கிற எஸ்சி, எஸ்டி, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு வருஷம் 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்குது. அதுக்கு வருமான வரம்பு 8 லட்சம். ஒண்ணுல தகுதி போனா இன்னொண்ணுல இருக்கும். ஆனா ஒரே நேரத்துல ரெண்டு உதவித்தொகை வாங்கக் கூடாதுங்கிற நிபந்தனை பொதுவா எல்லாத்துலயும் உண்டு.

வகை நாலு: எல்லாரையும் பாக்குறது

இடபிள்யூஎஸ் சான்றிதழ். தமிழ்நாடு அரசு இதை நடைமுறைப்படுத்தலை. ஆனா நெட் மாதிரி மத்திய அளவிலான தேர்வுக்குப் பயன்படும். இதுல குடும்பம்னா நீங்க, உங்க பெற்றோர், 18 வயசுக்குக் கீழ இருக்கிற தம்பி தங்கச்சி, உங்க கணவர் அல்லது மனைவி, உங்க பிள்ளைங்க. இவங்க எல்லாரோட வருமானமும் சேர்ந்து 8 லட்சத்துக்குக் கீழ இருக்கணும். விவசாய வருமானமும் சேரும். குடும்பத்துக்கு 5 ஏக்கர் விவசாய நிலம் இருந்தாலே தகுதி இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். கல்லிடைக்குறிச்சில பொறந்து பாளையங்கோட்டைல வாக்கப்பட்ட ஒரு பொண்ணுன்னு வச்சுக்குவோம். அப்பாவுக்கு வருஷம் 3 லட்சம், கணவருக்கு மாசம் 35,000. கணவரோடது 4.2 லட்சம். மொத்தம் 7.2 லட்சம். தகுதி உண்டு. அடுத்த வருஷம் கணவர் சம்பளம் 45,000 ஆச்சுன்னா 5.4 லட்சம், மொத்தம் 8.4 லட்சம். தகுதி போச்சு. அதே பொண்ணு ஓபிசியா இருந்தா கணவரோட சம்பள உயர்வு எதையுமே மாத்தியிருக்காது. ஒரே வீடு, ஒரே சம்பளம், ரெண்டு பதில். இதனாலதான் “என் ஃப்ரெண்டுக்கு இப்படிச் சொன்னாங்க”ன்னு கேட்டுட்டு முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றேன்.

சான்றிதழும் இனிஷியலும்

நடைமுறைல சிக்கல் வர்றது குடும்ப அட்டைல. கல்யாணம் ஆனதும் பேரை அப்பா வீட்டு அட்டைல இருந்து நீக்கி, புருஷன் வீட்டு அட்டைல சேர்த்துடுறோம். அதுக்கப்புறம் இ-சேவை மையத்துல வருமானச் சான்றிதழ் போட்டா, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் மூணு பேரும் புது அட்டையைத்தான் பாப்பாங்க. ஓபிசி சான்றிதழுக்குப் பெற்றோர் வருமானம்தான் வேணும்னா அதைத் தெளிவா எடுத்துச் சொல்லி, அப்பா அம்மாவோட வருமான ஆவணத்தையும் உங்க பள்ளி மாற்றுச் சான்றிதழையும் கையில கொண்டு போங்க. 2004 விளக்கத்தோட நகல் ஒண்ணும் வச்சுக்கோங்க.

அடுத்தது இனிஷியல். நம்ம ஊர்ல கல்யாணம் முடிஞ்ச கையோட ஆதார்ல அப்பா இனிஷியலை எடுத்துட்டு கணவர் இனிஷியலைப் போட்டுடுறாங்க. பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பேங்க்ல இன்னொரு பேரு. உதவித்தொகை ஆதார் இணைச்ச கணக்குக்கு நேரா வர்ற காலத்துல இந்த ஒரு எழுத்து மாசக்கணக்கா பணத்தை நிறுத்தி வைக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாத்தியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லை. என் யோசனை: பட்டம் கையில வர்ற வரை மாத்தாதீங்க. ஆதார்ல பேரை மாத்த ரெண்டு தடவைதான் அனுமதி, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

குழந்தை வந்தா

2022 யுஜிசி பிஎச்டி விதிமுறைப்படி, ஒரு பெண் ஆய்வாளருக்கு முழு பிஎச்டி காலத்துல ஒரு தடவை 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு கொடுக்கலாம். ஜேஆர்எஃப் வாங்குறவங்களுக்கு மகப்பேறு விடுப்பு காலத்துலயும் உதவித்தொகை உண்டு. பிஎச்டி முடிக்க 6 வருஷம், மறுபதிவு பண்ணா இன்னும் 2 வருஷம். பெண்களுக்கு அதுக்கு மேலயும் 2 வருஷத் தளர்வு. மொத்தம் 10 வருஷத்தைத் தாண்டக் கூடாது. ஆனா உதவித்தொகை அஞ்சு வருஷத்தோட முடிஞ்சிரும். பதிவு உயிரோட இருக்கும், பணம் வராது. அந்தக் கடைசி வருஷங்களுக்கு முன்கூட்டியே ஏதாவது சேர்த்து வைக்கணும்.

விடுப்பு ‘கொடுக்கலாம்’னுதான் விதி சொல்லுது. அதனால வாயால கேட்டு நிறுத்தாதீங்க. வழிகாட்டி மூலமா எழுத்துல கொடுங்க, பெற்றுக்கொண்டதுக்கு முத்திரை வாங்குங்க. பிஎச்டி மட்டும் இல்லை, இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவுல சலுகையும் கொடுக்க விதி வகுக்கச் சொல்லி 2021 டிசம்பர்ல யுஜிசி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கு.

கணவருக்கு வேலை சென்னைக்கோ கோவைக்கோ மாறிட்டா? அதே விதிமுறைல இதுக்கும் இடம் இருக்கு. கல்யாணத்தாலயோ வேற காரணத்தாலயோ ஊர் மாறுற பெண் ஆய்வாளர், செஞ்ச ஆராய்ச்சித் தரவுகளைப் புதுப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துட்டுப் போகலாம். அந்த ஆராய்ச்சி பழைய நிறுவனம் நிதி வாங்கி நடத்துற புராஜெக்டா இருக்கக் கூடாது. பழைய வழிகாட்டிக்கும் நிறுவனத்துக்கும் உரிய அங்கீகாரம் கொடுக்கணும். முதல்ல இருந்து தொடங்கணும்னு யாராவது சொன்னா இந்த விதியைக் காட்டுங்க.

கடன் வாங்குறதா இருந்தா

உதவித்தொகை எதுவும் அமையாதவங்களுக்குக் கல்விக் கடன் இருக்கு. இந்திய வங்கிகள் சங்கத்தோட மாதிரித் திட்டப்படி, கல்யாணம் ஆனவங்களுக்கு இணைக் கடனாளியா கணவரோ மனைவியோ, பெற்றோரோ, மாமனார் மாமியாரோ கையெழுத்துப் போடலாம். அப்பாதான் வரணும்னு கட்டாயம் இல்லை. 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத் தவணை ஆரம்பிக்கும்.

பழைய வரி முறைல இருக்கிற கணவர் மனைவியோட உயர்கல்விக்குக் கடன் வாங்கினா, கட்டுற வட்டியை 8 வருஷம் வரை வருமானத்துல கழிச்சுக்கலாம். மனைவி கணவருக்கு வாங்கினாலும் அப்படித்தான். அசலுக்குக் கிடையாது. ஆனா இணைக் கடனாளின்னா கடன் ரெண்டு பேர் தலைமேலயும்தான். நாளைக்கு ரெண்டு பேரும் பிரிஞ்சாலும் பேங்க் ரெண்டு பேரையும் கேக்கும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைப் பேசிடுங்க.

சின்னத் தொகைகள்

சில உதவிகள் மாணவர்ங்கிறதுக்காக வராது, ஆனா உங்களுக்கும் உண்டு.

மகளிர் உரிமைத் தொகை, மாசம் 1,000 ரூபாய். தனிக்குடும்ப அட்டை இருந்து, நீங்க 21 வயசு நிரம்பின குடும்பத் தலைவியா இருந்து, வருஷ வருமானம் 2.5 லட்சத்துக்குக் கீழ இருந்தா விண்ணப்பிக்கலாம். கூட்டுக் குடும்பமா ஒரே அட்டைன்னா அது மாமியாருக்குத்தான் போகும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஏழைக் கர்ப்பிணிகளுக்கு மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமா, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமா. 12 வாரத்துக்குள்ள சுகாதார செவிலியர்கிட்ட பதிவு பண்ணிடணும்.

சாதி மறுத்துக் கல்யாணம் பண்ணினவங்களுக்கு, அதே முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்கிற கலப்புத் திருமண உதவி. பட்டதாரிக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும், பணத்துல ஒரு பகுதி சேமிப்புப் பத்திரமா. கல்யாணமாகி 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். நம்ம நெல்லைப் பக்கம் இப்படிக் கல்யாணம் பண்ணின பிள்ளைகளுக்கு ரெண்டு வீட்டுக் கதவும் மூடிக்கிடக்கிறதும், சில நேரம் உயிருக்கே ஆபத்தா முடியுறதும் நமக்குத் தெரியும். அவங்க படிப்பைத் தொடர இந்தத் தொகை ரெண்டு செமஸ்டரைத் தாங்கும். விவரம் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல, சமூக நலத்துறைல கேளுங்க.

கேக்க வேண்டிய இன்னொண்ணு

அமெரிக்கால 1944-ல போர்ல இருந்து திரும்பின வீரர்களைப் படிக்க வைக்க ஒரு சட்டம் போட்டாங்க. தனியாளுக்கு மாசம் 50 டாலர், குடும்பம் உள்ளவருக்கு 75 டாலர். படிக்க வர்றவருக்கு ஒரு வீடும் இருக்கலாம்னு அந்தச் சட்டம் ஒத்துக்கிச்சு. அதுக்கப்புறம்தான் அங்க பல்கலைக்கழகங்கள்ல கல்யாணம் ஆன மாணவர்களுக்குக் குடியிருப்புகள் பெருகுச்சு. நம்ம உதவித்தொகைகள்ல தனியாளுக்கும் குடும்பஸ்தருக்கும் ஒரே தொகை. கைக்குழந்தையோட ஆராய்ச்சிக்கு வர்றவங்களுக்கு ஒரு குடும்ப விடுதி, ஒரு குழந்தைகள் காப்பகம். இதை உங்க ஆய்வாளர் சங்கத்துல ஒரு கோரிக்கையா எழுதுங்க.

அது வர்ற வரைக்கும் இந்த வாரம் மூணு வேலை பண்ணுங்க. உங்களுக்குப் பொருந்துற திட்டம் நாலு வகைல எதுன்னு எழுதுங்க. அதுக்குத் தேவையான வருமானச் சான்றிதழ் யாரோடதுன்னு பக்கத்துல எழுதுங்க. ஆதார், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் மூணுலயும் பேரு ஒண்ணா இருக்கான்னு பாருங்க. தொகையும் கடைசித் தேதியும் மாறக்கூடியது, அதனால விண்ணப்பிக்கிற அன்னைக்கு அறிவிக்கையை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. எந்தத் திட்டம், எந்தச் சான்றிதழ், எந்த இடத்துல நின்னுச்சுன்னு சொன்னா, அடுத்த எபிசோட்ல அதையே எடுத்துப் பேசலாம். வாரேன் மக்களே.